எல்லா வேலையும் அவசரம் என்றால் எதை முதலில் எடுப்பது?

கணினி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். மாணவர்கள் வீட்டில் தமிழ் வாசித்துப் பழகுவதற்கான ஒரு செயலியைத் திறந்த மூல மென்பொருளாக, அதாவது நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய வகையில், உருவாக்கி வருகிறோம். இப்போது ஒருவர் பினாங்கில் தொழிற்சாலையில் இருக்கிறார், ஒருவர் சிங்கப்பூரில், இருவர் கோலாலம்பூரில், மற்றவர்கள் ஊரில். யாருக்கும் சம்பளம் இல்லை. ஓய்வு நேரத்தில்தான் வேலை நடக்கிறது. பணிப் பட்டியலில் பாதிக்கு மேற்பட்டவை 'உயர் முன்னுரிமை' என்ற முத்திரையோடு நிற்கின்றன. இணையம் இல்லாமலும் செயலி இயங்க வேண்டும் என்கிறார்கள் ஆசிரியர்கள். ஐபோன் பதிப்பு வேண்டும் என்கிறார்கள் இளையவர்கள். திட்டத்தைத் தொடங்கிய அண்ணனோ நிரல் முழுவதையும் புதிய கட்டமைப்பில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். அவரிடம் மறுத்துப் பேச எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை. கூட்டம் போட்டால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறோம். மறுவாரம் அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறோம். எல்லாருக்கும் பொதுவான முன்னுரிமையை எப்படி வகுப்பது?
திட்டக் குழுவினர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: உங்கள் கடிதத்தில் ஐபோனும் இணையமும் புதிய கட்டமைப்பும் தனித்தனிச் சிக்கல்களாகத் தெரிந்தாலும், அவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே கேள்விதான். சம்பளம் வாங்காத ஒருவரிடம் "இதை முதலில் செய்யுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு? யாருக்கும் இல்லை. இதை முதலில் மனதார ஏற்றுக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும். 1993இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்களால் நடத்தப்படும், லினக்ஸ் சார்ந்த கணினி இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டம், 1998இல் தனக்கென அமைப்பு விதிகளை வகுத்துக்கொண்டபோது, இந்த விதிகள் எவரையும் எந்த வேலையையும் செய்யக் கட்டாயப்படுத்தமாட்டா என்றும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணியைச் செய்ய விரும்பாதவர் செய்ய வேண்டியதில்லை என்றும் எழுதி வைத்தது. அதோடு நிறுத்தவில்லை: முறைப்படி எடுத்த முடிவுகளுக்கு எதிராக எவரும் முனைந்து செயல்படக் கூடாது என்ற வாசகத்தையும் அங்கேயே சேர்த்தது. செய்யாமல் இருக்க உரிமை உண்டு, தடுப்பதற்கு உரிமை இல்லை என்னும் இந்த ஏற்பாட்டைத்தான் உங்கள் குழுவும் முதலில் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியானால் முன்னுரிமை என்று எதைச் சொல்வது? ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவருக்குச் சொந்தமானது. அதைக் குழு பங்கிட முடியாது. ஆனால் ஒருவர் எழுதி அனுப்பும் நிரல் மாற்றத்தை யாரோ ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும், இயக்கிச் சோதிக்க வேண்டும், குறை சொல்லித் திருத்தி வாங்க வேண்டும், பிறகு மூலத்தில் சேர்த்து அடுத்த வெளியீட்டில் மாணவர் கைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த அதிகாரமும் பொறுமையும் உள்ளவர்கள் உங்கள் குழுவில் இரண்டு பேர் இருந்தாலே அதிகம் என்று நினைக்கிறேன். அவர்களுடைய கவனம்தான் எல்லாருக்கும் பொதுவான சொத்து, அதுவே மிகக் குறைவாகவும் இருக்கிறது. ஆகவே, எது முதலில் மறுஆய்வுக்கு எடுக்கப்படும், எதற்காக வெளியீடு காத்திருக்கும், எதற்காகக் காத்திருக்காது என்பதைச் சேர்ந்து முடிவு செய்வதே முன்னுரிமை வகுப்பது ஆகும். ஒருவர் தமக்குப் பிடித்த வேறொன்றை எழுதினால் எழுதட்டும். அது வரிசையில் பின்னால் நிற்கும் என்பதை அவர் தொடங்கும்போதே தெரிந்துகொண்டு தொடங்குவார். இன்று உங்கள் குழுவில் நிலவும் மனக்கசப்புக்குப் பாதிக் காரணம், இரவெல்லாம் கண்விழித்து எழுதிய ஒன்று மாதக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடப்பதாகத்தான் இருக்கும்.

'உயர்' முத்திரைக்கு வருகிறேன். உயர், நடு, தாழ் என்று மூன்று முத்திரைகளை வைத்து, பதிவு செய்பவரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டுவிட்டால், எல்லாரும் உயர் என்பதைத்தான் குத்துவார்கள். அதில் அவர்கள்மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அவரவர் சிரமம் அவரவருக்குப் பெரிது. டெபியனின் வழுப் பதிவு முறையில், அதாவது மென்பொருள் பிழைகளைப் பதியும் முறையில், கடுமைக்குரிய ஒவ்வொரு படிநிலைக்கும் இலக்கணம் உண்டு. தொடர்பில்லாத பிற மென்பொருள்களைக் கெடுப்பது, பயனருடைய தரவை அழிப்பது, பாதுகாப்பில் ஓட்டை போடுவது போன்றவை மேல்படியில் வரும். மேல் மூன்று படிகளில் உள்ள வழுக்கள்தான் ஒரு வெளியீட்டைத் தடுத்து நிறுத்தும் தகுதி பெற்றவை. "இப்படி ஒரு வசதி இருந்தால் நன்றாக இருக்கும்" என்பதற்கு 'விருப்பப் பட்டியல்' என்றே கடைசிப் படி ஒன்று இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை, யாருக்கு என்ன கெடுதல் என்பதுதான் கேள்வி. நீங்களும் உங்கள் முத்திரைகளை ஒரு மாலைப்பொழுதில் இப்படி மாற்றிவிடலாம்: குழந்தைக்குத் தவறான தமிழைக் காட்டுவது, பயிற்சிப் பதிவுகளைத் தொலைப்பது, செயலியைத் திறக்கவே விடாதது ஆகியவை வெளியீட்டைத் தடுப்பவை, மற்ற குறைகள் நடுவில், புதிய வசதிகள் அனைத்தும் விருப்பப் பட்டியலில். ஐபோன் பதிப்பும் விருப்பப் பட்டியலுக்குத்தான் போகும். அது இளையவர்களை அவமதிப்பது ஆகாது. அதை இலக்காக உயர்த்துவதற்குத் தனி வழி இருக்கிறது.

அந்த வழிக்கு நல்ல முன்மாதிரி, கணினித் திரைச் சூழலையும் செயலிகளையும் உருவாக்கும் கேடிஈ. 1996இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எத்தனையோ செயலிகள், எத்தனையோ குழுக்கள். 2017 முதல் அவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சமூகத்தாரிடமிருந்து முன்மொழிவுகளைப் பெற்று, வாக்கெடுத்து, மூன்றே மூன்று பொது இலக்குகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் சுற்றில் அடிப்படை மென்பொருள்களைப் பயன்படுத்த எளிதாக்குவது, பயனரின் தனியுரிமையைக் காப்பது, புதிதாக வருபவர்களை எளிதில் பங்களிப்பாளர்களாக்குவது ஆகிய மூன்றும் தேர்வாயின. 2022இல் தேர்வானவற்றுள் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மையும் ஒன்று. மற்ற வேலைகளை எவரும் நிறுத்துவதில்லை. ஆனால் என்ன செய்யலாம் என்று யோசித்து நிற்பவருக்குத் திசை கிடைக்கிறது, தொடர்பில்லாத குழுக்கள் ஒரே பக்கம் தள்ளத் தொடங்குகின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வோர் இலக்கையும் முன்னின்று நடத்த ஆள் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான். உங்கள் அளவுக்கு மூன்று இலக்குகள்கூட அதிகம்; ஒரு பருவத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். ஐபோன் பதிப்பை நானே பொறுப்பேற்று நடத்துகிறேன் என்று ஒருவர் எழுந்து நிற்கிறாரா? நின்றால் அது இலக்காகும் தகுதி பெறுகிறது. எவரும் நிற்கவில்லை என்றால், எத்தனை பேர் கேட்டாலும் அது விருப்பப் பட்டியலிலேயே இருக்கட்டும்.

இரண்டு இலக்குகள் மோதும்போது எதன் பக்கம் சாய்வது என்பதற்கு, நாம் யாருக்காகச் செய்கிறோம் என்ற ஒரு வாக்கியம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். டெபியன் 1997இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில், தங்கள் முன்னுரிமை பயனர்களும் கட்டற்ற மென்பொருளும் (எவரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) தான் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அந்த வாக்கியம் எதுவென்று நான் சொல்லக் கூடாது. எனினும், தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய செயலி என்றால், செம்பனைக் காட்டுக்கு நடுவே அலைவரிசை ஒரு கோடும் இரண்டு கோடுமாக வந்து போகும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்குத் திறன்பேசி வருகிறது. அதுவும் பழைய ஆண்ட்ராய்டு. முன்கட்டணத் தரவும் மாதக் கடைசியில் தீர்ந்திருக்கும். அந்தப் பிள்ளைதான் பயனர் என்று எழுதி வைத்துவிட்டால், இணையமில்லா வசதியா ஐபோன் பதிப்பா என்ற வாதம் பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

இலக்கை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். "இணையம் இல்லாமலும் இயங்க வேண்டும்" என்று எழுதினால் அது எப்போது முடிந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. "பள்ளியில் வைஃபை கிடைக்கும்போது ஒருமுறை பதிவிறக்கிய இந்த வாரக் கதைகளை, மாணவர் வீட்டில் தரவு முற்றிலும் இல்லாத நிலையிலும் திறந்து வாசிக்கவும், கேள்விகளுக்கு விடையளிக்கவும் முடிய வேண்டும், மறுநாள் பள்ளியில் தொடர்பு கிடைத்ததும் விடைகள் தாமாக மேலேற வேண்டும், 2 ஜிபி நினைவகம் உள்ள திறன்பேசியில் இதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். பினாங்கில் இருப்பவர் சேமிப்புப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம், சிங்கப்பூரில் இருப்பவர் மேலேற்றத்தை எடுத்துக்கொள்ளலாம், நிரல் தெரியாத ஒருவர் ஊரில் பழைய கைப்பேசியை வைத்துச் சோதிக்கலாம். எழுதும்போதே வேலை பிரிந்துவிடுகிறது.

இலக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், இந்தப் பருவத்தில் யாரால் எவ்வளவு நேரம் தர முடியும் என்று ஒவ்வொருவரும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் ஊருக்கு இது புதிய பாடம் அன்று. பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, ஒவ்வொரு தொழிலாளியாலும் தரக்கூடிய சிறு தொகை எவ்வளவு என்பதை அடித்தளமாக வைத்துத்தான் தோட்டங்களை வாங்கும் அந்தப் பெருமுயற்சி எழுந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் முடியும் என்று ஒருவர் சொன்னால் அதைக் குறைவாக எண்ணாமல் எழுதிக்கொள்ளுங்கள். இரவு நேரப் பணிமுறையில் இருப்பவர் இந்த மாதம் ஒன்றும் முடியாது என்று கூச்சமின்றிச் சொல்ல இடம் கொடுங்கள். எல்லாருடைய மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் ஓர் இலக்குக்குத்தான் போதும் என்பது கண்ணுக்கு நேரே தெரியும். அதன் பிறகு தலையாட்டுவது குறையும்.

இப்போது அண்ணன். தொடங்கியவர் என்ற மரியாதை அவருக்கு உரியது. அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஆயினும் ஒருவரையே நம்பி இருக்கும் திட்டம் அவருக்கே பாரமாகிவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இறுதி முடிவெடுப்பவராக இருந்த கீடோ வான் ரோசம், 2018 ஜூலையில், மொழியில் சேர்க்கப்பட்ட ஒரு மாற்றத்தைப் பற்றிய கடும் வாக்குவாதத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அடுத்து என்ன செய்வது என்று பங்களிப்பாளர்கள் விவாதித்து, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்; அவரும் அதில் ஓர் உறுப்பினராக இடம்பெற்றார். உங்கள் அண்ணனிடம் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பேசாதீர்கள். அவர் மதிக்கும் ஒருவர் முதலில் தனியாகச் சென்று பேசட்டும்: "அண்ணே, நீங்கள் மாற்றி எழுதுவதை நிறுத்த வேண்டாம். அது தனிக் கிளையில், நிரலின் தனிப் பிரதியாக, வளரட்டும். பழைய நிரலில் வெளியீடுகள் தொடர்ந்து வரட்டும். புதியது பழையது செய்யும் எல்லாவற்றையும் செய்யும் நாளில் மாறிக்கொள்வோம்." இதற்கு அவர் இணங்குவார் என்றே நம்புகிறேன், ஏனென்றால் அவருடைய உழைப்பை இது வீணாக்கவில்லை. கூட்டங்களிலோ இளையவர்கள் தங்கள் கருத்தை முன்கூட்டியே எழுத்தில் வைத்துவிட, மூத்தவர் கடைசியில் பேசுவது என்ற வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். அண்ணன் பேசிய பிறகு தம்பி மாற்றிப் பேசமாட்டான். நம் வளர்ப்பு அப்படி.

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவதாக எழுதியிருப்பதால் முடிவெடுக்கும் முறையைப் பற்றியும் சொல்கிறேன். ஏழெட்டுப் பேர் உள்ள குழுவில் நான்குக்கு மூன்று என்று வாக்கெடுத்தால் தோற்ற மூவரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் முறையான வாக்கெடுப்பைத் தவிர்க்கிறார்கள். கூட்ட அறையில் ஆதரவு எப்பக்கம் என்று பார்க்க ஆட்களை எண்ணுவதில்லை. எல்லாரையும் வாய்திறவாமல் ரீங்கரிக்கச் சொல்லிக் கேட்பதுண்டு. அதற்குப் பின்னால் இருக்கும் கொள்கையை 2014இல் வெளியான அவர்களின் ஆவணம் ஒன்று விளக்குகிறது: எதிர்ப்பவரின் ஆட்சேபணையை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் அதை எடுத்து ஆராய்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். நூறு பேர் ஆதரித்தாலும் ஒருவர் எழுப்பிய தொழில்நுட்பக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அங்கே இணக்கம் இல்லை. தொலைவில் இருப்பவர்களுக்கு, பல திறந்த மூல மென்பொருள்களை உருவாக்கும் அப்பாச்சி திட்டங்களின் வழக்கம் உதவும்: முன்மொழிவை எழுத்தில் வைத்து, குறைந்தது 72 மணி நேரம் காத்திருந்து, காரணத்தோடு மறுப்பு வராவிட்டால் இசைவு என்று கொள்வது. பணிமுறை மாறி மாறி வேலை செய்பவர்கள் உங்களிடையே இருப்பதால் அதை ஒரு வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவோடு காரணத்தையும் இரண்டு வரியில் பதிந்துவையுங்கள். இப்போதைக்கு இல்லை என்று தள்ளியவற்றுக்கும் காரணம் எழுதுங்கள். தள்ளிவைத்ததற்குக் காரணம் எழுதிய குழுவில் அதே வாக்குவாதம் திரும்பத் திரும்ப வருவதில்லை.

கடைசியாக, தேதி. டெபியன் 2002 ஜூலையில் ஒரு பதிப்பை வெளியிட்ட பிறகு அடுத்த பதிப்புக்கு 2005 ஜூன் வரை பயனர்கள் காத்திருக்க நேர்ந்தது. கணினித் திரைச் சூழலை உருவாக்கும் நோம், இயங்குதளம் உருவாக்கும் உபுண்டு போன்ற திட்டங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்று நாள் குறித்துவிடுகின்றன. 2004 அக்டோபரில் வந்த உபுண்டுவின் முதல் பதிப்பின் எண்ணே, ஆண்டும் மாதமுமாக, 4.10தான். நாள் குறித்துவிட்டால், முடியாத வேலை அடுத்த வண்டிக்குப் போகும். எவருக்காகவும் வெளியீடு நிற்காது. பள்ளித் தவணை விடுமுறை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு என்று வைத்துக்கொண்டால் ஆசிரியர்களுக்கும் வசதி. தீபாவளிக்கு எல்லாரும் ஊர் திரும்பும்போது நேரில் உட்கார்ந்து அடுத்த ஆண்டின் இலக்குகளைப் பேசுங்கள். முகம் பார்த்துப் பேசித் தீர்க்க வேண்டியவற்றைத் திரையில் தீர்க்க முயல வேண்டாம்.

கேள்வி: மேற்படி செயலியை என் வகுப்பில் பயன்படுத்துகிறேன். 'கொக்கு' என்ற சொல்லை எழுத்து எழுத்தாக வண்ணமிட்டுக் காட்டும்போது முதலில் 'க' மட்டும் ஒளிர்கிறது. பிறகு கொம்பும் காலும் தனியாக, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு தோன்றுகின்றன. புலன (வாட்ஸ்அப்) குழுவில் பலமுறை எழுதியும் பதில் இல்லை. நிரல் எழுதத் தெரியாதவர் சொல்லுக்கு மதிப்பு உண்டா?
தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், பேராக்

பதில்: உண்டு டீச்சர், இதைவிடப் பெரிய வழு அந்தப் பட்டியலில் இருக்குமா என்பதே எனக்கு ஐயம். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடு 'கொ' என்பதை ககரம் ஒரு குறியீடு, உயிர்மெய்க்குறி ஒரு குறியீடு என இரண்டாகச் சேமிக்கிறது. நிரல் குறியீடு குறியீடாக எண்ணிக்கொண்டு போனால், நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்தை அது நடுவில் வெட்டிவிடும். ஒட்ட மெய் கிடைக்காத குறிக்கு எழுத்துரு புள்ளி வட்டத்தைப் போட்டுக் காட்டும். எழுத்துத் தொகுதிகளாகப் பிரிக்கும் முறையும் அதற்கான நிரலகங்களும் (ஆயத்த நிரல் தொகுப்புகளும்) ஏற்கெனவே இருப்பதால், திருத்துவது கடினமன்று. ஆனால் வாசிக்கக் கற்கும் பிள்ளைக்குத் தவறான எழுத்தைக் காட்டும் வழு என்பதால், நான் மேலே சொன்ன கணக்குப்படி இது வெளியீட்டையே தடுத்து நிறுத்த வேண்டியது. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நிரலாளர்கள் எவரும் கவனித்திருக்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் செயலியைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். நீங்கள் முப்பது பிள்ளைகள் அதை வாசிப்பதைப் பார்க்கிறீர்கள்.

புலனத்தில் எழுதியது ஏன் காணாமல் போனது என்பதும் தெரிந்ததே: காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் இடையே மேலே போய்விட்டது. புலனத்தில் வரும் குறைகளைப் பணிப் பட்டியலுக்கு எடுத்துச் செல்ல ஒருவரைக் குழு நியமிக்க வேண்டும். நிரல் தெரியாதவரே அதற்குப் போதும், சொல்லப்போனால் அவரே பொருத்தமானவர். உங்கள் பங்குக்கு மூன்று தகவல்களைச் சேர்த்து அனுப்புங்கள்: எந்தத் திறன்பேசி, எந்தச் சொல், திரையின் படம். கோபமாக எழுத வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் நாசவேலை ஒன்று வெளிப்பட்டதே, அதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே, வேலை மெதுவாக நடக்கிறது என்று சிலர் அதன் பராமரிப்பாளரை அஞ்சலில் நெருக்கியிருந்தார்கள். ஏறக்குறையத் தனியாளாக அதைத் தாங்கி, களைத்துப் போயிருந்தவர், உதவ வந்தவரைப் போல நடித்த ஒருவருக்குப் பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்க நேர்ந்தது. சத்தம் போடுபவருக்கு முதலிடம் என்ற பழக்கம் ஒரு தன்னார்வத் திட்டத்துக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதைக் குழுவினரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் செயலிக்கு வட்டாரத் தொழிலதிபர் ஒருவர் நன்கொடை தர முன்வந்திருக்கிறார். தம் நிறுவனப் பெயரில் புதிர்ப்போட்டிப் பகுதி ஒன்றை இரண்டு மாதத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஏற்கலாமா?
அதே திட்டக் குழுவில் ஒருவர்

பதில்: நன்கொடையை ஏற்கலாம், வரிசையை விற்க வேண்டாம். பணம் வந்தவுடன் இரண்டு மாதக் கெடு உங்கள் தலைமேல் ஏறும், சம்பளமின்றிப் பராமரித்துவந்தவர் நன்கொடையாளரின் பெயருக்கான பகுதியை மறுஆய்வு செய்துகொண்டிருப்பார், 'கொக்கு' அப்படியே கிடக்கும். அந்தப் பெரியவரிடம் உங்கள் இலக்குப் பட்டியலை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். இணையமில்லா வசதிக்குச் சோதனைக்கான பழைய திறன்பேசிகள், வழங்கிக் (சர்வர்) கட்டணம், கதைகளுக்கு ஓவியம் வரைபவருக்கான ஊதியம் எனப் பணம் நேரடியாக உதவும் இடங்கள் அதில் இருக்கும்; அவற்றுள் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கட்டும், நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் வரட்டும். பராமரிப்புக்குப் பணம் தருவது சிறுமை என்று அவர் நினைத்தால், 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறையாக்கிக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டதையும், உலகின் கணிசமான இணையத்தளங்கள் நம்பியிருந்த அந்தத் திட்டத்தை ஒரு சிலரே தாங்கிவந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்கும் தெரியவந்ததையும், அதன் பிறகு லினக்ஸ் அறக்கட்டளையின் முயற்சியில் பெருநிறுவனங்கள் சேர்ந்து இத்தகைய மென்பொருள்களின் பராமரிப்புக்கென்றே நிதி ஒதுக்கியதையும் எடுத்துச் சொல்லுங்கள். புதிர்ப்போட்டிதான் வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றால், அதை விருப்பப் பட்டியலில் பதிந்து, பொறுப்பேற்க ஒருவர் முன்வரும் பருவத்தில் தெரிவிப்பதாகச் சொல்லி, பணத்தை இப்போது வாங்காமல் மரியாதையோடு விடைபெறுங்கள். கணக்கை எவர் வைத்துக்கொள்வது என்பதையும் பணம் கைக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். தனியார் ஒருவருடைய வங்கிக் கணக்கில், அது அண்ணனுடையதாகவே இருந்தாலும், போட வேண்டாம்.